திரையில் ஒன்று, தாளில் இன்னொன்று

விரிதாளில் வரையும் வரைபுகளும் குறிப்புப் படங்களும் அச்சில் பிழைப்பது ஏன்? பிழையைத் தேடும் ஒழுங்கு எது?

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்தின் கையில் காணி இருப்பதில்லை. காணியைப் பற்றிய தாள்தான் இருக்கிறது. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பங்கள் பல, ஆட்டையும் மாட்டையும் இறைப்பு மிசினையும் விட்டாலும் காணி உறுதியை விடவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோது அந்தப் பொட்டலமும் கூடவே நடந்தது.

அந்தத் தாளின் பெறுமதி 2013 ஏப்பிரலில் மறுபடி தெரிந்தது. வலிகாமம் வடக்கு, வலிகாமம் கிழக்குப் பகுதிகளில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணிச் சொந்தக்காரர் யாரென்று கண்டறிய முடியவில்லை என்ற கருத்து அவற்றில் இருந்தது. அந்தச் சொந்தக்காரரில் பலர் சில மைல் தொலைவில், மல்லாகம், சுன்னாகம் பகுதி நலன்புரி நிலையங்களிலேயே வாழ்ந்துகொண்டிருந்தனர். 2,000க்கும் மேற்பட்டோர் தம் உறுதிகளோடு மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். "நாங்கள் இருக்கிறோம்" என்பதை அன்று தாள்கள்தான் சொல்லின.

அதன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டு வந்தன. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணியும் மக்களிடம் வந்தன. இன்னும் விடுபடாத காணிகள் உண்டு. ஆகவே கூட்டங்களும் முடியவில்லை. கிராம அலுவலரிடம், பிரதேச செயலகத்தில், கச்சேரியில் எங்கள் மீள்குடியேற்றச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. எந்தப் பிரிவில் எத்தனை ஏக்கர் விடுபட்டது, எத்தனை விடுபடவில்லை, எத்தனை கிணறு தூர்ந்தது, எத்தனை வீடு இடிந்தது என்பன அந்தக் கணக்குகள்.

இக் கணக்கை இன்று பிள்ளைகள் கணனியில் செய்து தருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த எக்செல், அல்லது காசு கொடுக்கத் தேவையில்லாத லிப்ரே ஒபிஸ் போன்ற விரிதாள் மென்பொருளில் எண்களை நிரப்பி, சலாகை வரைபும் வட்ட வரைபும் போட்டு, கொமினிகேசன் கடையில் அச்சிட்டு வருகிறார்கள். இது நல்ல முன்னேற்றம். மின்சாரமில்லாத 1990களில், அச்சுத்தாள் இல்லாமல் கோடிட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை வந்த ஊர் இது. அன்று ஒரு அட்டவணையை ஸ்டென்சிலில் வெட்டி எடுக்க ஒரு நாள் போகும்.

ஆனால் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. திரையில் அழகாக நின்ற வரைபு தாளில் பாதியாக வருகிறது. படம் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தாகிறது. வேலிக்கு உள்ளே வரைந்த கிணறு அச்சில் வேலிக்கு வெளியே நிற்கிறது. பிள்ளை "கணனியில் சரியாகத்தான் இருந்தது" என்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கூட்டத்தில் அதிகாரியின் மேசைக்குப் போவது உங்கள் வீட்டுத் திரையல்ல, அந்தத் தாள்தான். அவர் தாளைத்தான் வாசிப்பார், தாளைத்தான் கோவையில் போடுவார். பத்து ஆண்டுகளின் பின் கோவையை எடுத்துப் பார்ப்பவரும் அதைத்தான் நம்புவார்.

மூன்று இடங்கள்

தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் கமக்காரன் கண்டபடி ஓடுவதில்லை. முதலில் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். அடுத்து மிசின் இழுக்கிறதா என்று பார்ப்பான். பிறகு வாய்க்கால் எங்காவது உடைத்திருக்கிறதா என்று வரம்போடு நடப்பான். அச்சுப் பிழையையும் இப்படியே தேட வேண்டும். கிணறு, வரைபுக்குப் பின்னால் இருக்கும் எண்கள். மிசின், அந்த வரைபைத் தாளின் அளவுக்கு ஒழுங்குபடுத்தும் பக்க அமைப்பு. வாய்க்கால், தாளில் மை இடும் அச்சுப்பொறி.

விரிதாளும் அச்சும் தொடக்கம் முதலே இருவேறு வேலைகள். 1979இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்ற இருவர் விசிகல்க் என்ற முதலாவது புகழ்பெற்ற விரிதாளை வெளியிட்டபோது அதன் நோக்கம் கணக்கேட்டின் நிரை நிரல்களைத் திரைக்குக் கொண்டுவருவதே. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இல் வரைபு வரையலாம், ஆனால் அதை அச்சிட வேறொரு நிரலைத் திறக்க வேண்டும். 1985இல் எக்செல் வந்தது. இன்று எல்லாம் ஒரே திரையில் நடப்பதால் ஒரே வேலை போலத் தெரிகிறது. உள்ளே இன்னும் அவை தனித்தனியே. திரை ஒரு அளவில் வரைகிறது, அச்சுப்பொறி இன்னொரு அளவில் வரைகிறது. இரண்டுக்கும் நடுவே இடறல் வரும்.

பிழை எந்த இடத்தில் என்று பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. தாளில் அச்சிட முன்னர், 'சேவ் அஸ்' என்ற இடத்தில் கோப்பை பிடிஎவ் வகையாகச் சேமியுங்கள். அதைத் திறந்து பாருங்கள். பிடிஎவ்விலேயே வரைபு பிழையென்றால் குற்றம் விரிதாளில், அதாவது எண்ணிலோ பக்க அமைப்பிலோ இருக்கிறது. பிடிஎவ் சரியாக இருந்து தாள் மட்டும் பிழையென்றால் குற்றம் அச்சுப்பொறியில் அல்லது அதை இயக்கும் மென்பொருளில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை, கடையில் நின்று இருபது தாளை வீணாக்குவதைத் தடுக்கும்.

முதலாவது இடம்: எண்

வரைபு தானாக எதையும் அறியாது. கலத்தில் உள்ள எண்ணைத்தான் அது உயரமாக்கிக் காட்டும். இங்கேதான் எங்கள் ஊருக்கே உரிய ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தோட்டக் காணிக்கு நாங்கள் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று கணக்கு வைக்கிறோம். விரிதாளோ பத்தின் கணக்கில் வேலை செய்வது. 3 பரப்பு 15 குழியைப் பிள்ளை 3.15 என்று அடித்தால், விரிதாள் அதை மூன்றும் நூறில் பதினைந்தும் என்றே எடுக்கும்.

மூன்று குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 3 பரப்பு 5 குழி. மற்றதற்கு 3 பரப்பு 15 குழி. மூன்றாவதற்கு 2 பரப்பு 16 குழி. குழிகளைக் கூட்டினால் 36, அது 2 பரப்பு. ஆகவே மொத்தம் சரியாக 10 பரப்பு. இதையே 3.5, 3.15, 2.16 என்று அடித்துக் கூட்டினால் விரிதாள் 8.81 என்று காட்டும். ஒரு பரப்புக்கும் மேலான காணி தாளில் காணாமற் போய்விட்டது. அதோடு முடியவில்லை. சலாகை வரைபில் 3.5 உயர்ந்தும் 3.15 தாழ்ந்தும் நிற்கும். கூடிய காணி உள்ள குடும்பம் குறைந்த காணி உள்ளதாகத் தெரியும். 3 பரப்பு 10 குழியை 3.10 என்று அடித்தால் விரிதாள் கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டு 3.1 என்று காட்டும். வாசிப்பவர் அதை 3 பரப்பு 1 குழி என்று வாசிக்கலாம்.

பரிகாரம் சிறியது. பரப்புக்கு ஒரு நிரல், குழிக்கு ஒரு நிரல் வையுங்கள். மூன்றாவது நிரலில் பரப்பை 18ஆல் பெருக்கிக் குழியைக் கூட்டுங்கள். எல்லாம் குழியாகிவிடும். வரைபை அந்த நிரலிலிருந்து போடுங்கள். ஏக்கர் தேவையென்றால் மொத்தக் குழியை 288ஆல் பிரியுங்கள்.

இன்னொன்று, மறைத்த நிரைகள். நீண்ட பட்டியலில் ஒரு கிராமத்தை மட்டும் பார்ப்பதற்காக மற்ற நிரைகளை வடிகட்டி மறைப்பது வழக்கம். எக்செல் மறைந்த நிரைகளை வரைபில் சேர்ப்பதில்லை. அந்த நிலையிலேயே அச்சிட்டால் ஐந்து கிராமத்தின் வரைபு என்ற தலைப்பின் கீழ் ஒரு கிராமத்தின் சலாகை மட்டுமே நிற்கும். அச்சிட முன்னர் வடிகட்டலை நீக்குங்கள். அல்லது வரைபின் 'செலக்ட் டேற்றா' பகுதியில் மறைந்த நிரைகளையும் காட்டும்படி தெரிவு செய்யுங்கள். தலைப்பும் மொத்தமும் வரைபோடு பொருந்துகின்றனவா என்று ஒரு முறை கையால் கூட்டிப் பாருங்கள். கொப்பியில் கணக்கு எழுதிப் பழகிய பெரியவர்கள் வீட்டிலே இருப்பார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை.

இரண்டாவது இடம்: பக்கம்

வரைபு பாதியாக வருகிறது. பெரும்பாலும் காரணம் தாளின் அளவு. நாங்கள் பாவிப்பது ஏ4 தாள், 210 மில்லிமீற்றர் அகலம், 297 மில்லிமீற்றர் நீளம். சில கணனிகளில் அமெரிக்காவின் 'லெட்டர்' அளவு ஏற்கனவே தெரிவு செய்யப்பட்டிருக்கும். அது 216 அகலம், 279 நீளம். ஆறு மில்லிமீற்றர்தானே என்று எண்ணவேண்டாம். வலப்பக்கக் கடைசிச் சலாகை அந்த ஆறு மில்லிமீற்றரில்தான் வெட்டுப்படும். 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'சைஸ்' என்ற இடத்தில் ஏ4 என்று மாற்றுங்கள். பின்னர் 'வியூ' பகுதியில் 'பேஜ் பிறேக் பிறிவியூ' என்பதைத் திறந்தால் பக்கம் முறியும் இடங்கள் நீலக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடு வரைபின் குறுக்கே ஓடினால் வரைபை நகர்த்துங்கள், அல்லது தாளைக் கிடையாகத் திருப்புங்கள், அல்லது அகலத்தை ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி அமையுங்கள்.

அட்டவணை வரவில்லை, வரைபு மட்டும் தாள் முழுவதும் வருகிறது. இது பிழையல்ல. அச்சிடும்போது வரைபு தெரிவு செய்யப்பட்ட நிலையில் இருந்தால் எக்செல் அதை மட்டும் அச்சிடும். வெறுமையான ஒரு கலத்தில் ஒரு முறை தட்டிவிட்டு மீண்டும் அச்சிடுங்கள்.

அட்டவணை வருகிறது, வரைபும் படமும் வரவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பக்க அமைப்பில் 'டிறாப்ற் குவாலிற்றி' என்ற பெட்டியில் சரிக்குறி இடப்பட்டிருப்பது. மை மிச்சம் பிடிக்க யாரோ போட்டது, அது படங்களை விட்டுவிடும். இரண்டு, அந்த வரைபின் இயல்புகளில் 'பிறின்ற் ஒப்ஜெக்ற்' என்ற சரிக்குறி நீங்கியிருப்பது. வரைபின் மேல் வலப் பொத்தானைத் தட்டி அதன் வடிவமைப்பைத் திறந்து சரிபார்க்கலாம். மூன்று, கண்ட்ரோல் விசையையும் 6ஐயும் தற்செயலாகச் சேர்த்து அமத்தியதால் படங்கள் யாவும் மறைக்கப்பட்டிருப்பது. அவ்வாறாயின் திரையிலும் அவை தெரியா. மீண்டும் அமத்தினால் வரும்.

கிணறு இடம் மாறுகிறது. இது எங்களுக்கு மிக முக்கியமானது. பல சங்கங்கள் ஒழுங்கை, வேலி, கிணறு, கோயில், பனை வடலி ஆகியவற்றை விரிதாளின் கலங்களுக்கு மேல் கோடும் வட்டமுமாக வரைந்து குறிப்புப் படம் செய்கின்றன. அந்த வட்டம் கலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. கலத்தின் அகலம் திரைக்கு ஒன்றும் அச்சுப்பொறிக்கு ஒன்றுமாகச் சிறிது மாறும். ஒரு பெயர் நீளமாகி நிரை உயர்ந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் கீழே இறங்கும். சில மில்லிமீற்றர் நகர்ந்தாலும் உங்கள் கிணறு அயலவர் காணிக்குள் போய்விடும். பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் உறுதியிலே எழுதப்படும் ஊரில், அப்படி ஒரு தாள் பகையைக் கொண்டுவரும். முப்பது ஆண்டு தூரத்திலிருந்து எல்லையை நினைவால் மட்டும் வரைபவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்கும்.

பரிகாரம் இது. எல்லா உருவங்களையும் ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே தொகுதியாகக் கட்டுங்கள். அதன் இயல்புகளில், கலங்களோடு நகராமலும் அளவு மாறாமலும் இருக்கும் தெரிவைப் போடுங்கள். வரைபுக்கு மேலே அம்புக்குறியோ எழுத்தோ இட வேண்டுமானால் முதலில் வரைபைத் தட்டித் தெரிவு செய்துவிட்டு அதன் உள்ளே இடுங்கள். அப்போது வரைபு எங்கே போனாலும் அம்புக்குறியும் கூடவே போகும். முடிந்த படத்தை ஒரு தனிப் படமாகப் பிரதி எடுத்து ஒட்டினால் இன்னும் பாதுகாப்பு.

அளவுத்திட்டம் பொய்யாகிறது. படத்தின் மூலையில் 1:1000 என்று எழுதிவிட்டு, அச்சிடும்போது 'பக்கத்துக்குள் அடக்கு' என்று கொடுத்தால் படம் சுருங்கும், எழுதிய எண் சுருங்காது. போட்டோக் கொப்பியில் இன்னொரு முறை சுருங்கலாம். ஆகவே எண்ணாக எழுதாமல் ஒரு கோட்டை வரைந்து 'இது 10 மீற்றர்' என்று எழுதுங்கள். படம் சுருங்கினால் கோடும் சேர்ந்து சுருங்கும், உண்மை மாறாது. கூடவே 'இது குறிப்புப் படம், நில அளவையாளரின் படம் அல்ல' என்றும் எழுதிவிடுங்கள். அனுமதி பெற்ற நில அளவையாளர் வரைந்த படத்தின் இடத்தை எங்கள் விரிதாள் பிடிக்க முடியாது.

மூன்றாவது இடம்: அச்சுப்பொறி

நிறம் ஏமாற்றுகிறது. விடுபட்ட காணியைப் பச்சையிலும் விடுபடாத காணியைச் சிவப்பிலும் போடுவது இயல்பு. திரையில் இரண்டும் பளிச்சென்று தெரியும். ஆனால் கடையில் இருப்பது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறி. பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும். அதைப் போட்டோக் கொப்பி எடுத்தால் வேறுபாடு முற்றாக அழியும். எது வந்தது, எது வரவில்லை என்ற ஒரே கேள்விக்காகப் போட்ட வரைபு அந்தக் கேள்விக்கே விடை சொல்லாமல் நிற்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். ஒன்றைக் கறுப்பாகவும் மற்றதை வெள்ளையில் சாய்கோடுகளாகவும் நிரப்புங்கள். எக்செலில் இந்தக் கோட்டு நிரப்பல் 2007ஆம் ஆண்டுப் பதிப்பின் தெரிவுகளில் இல்லாமற் போய், 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் திரும்பி வந்தது. பழைய பதிப்பு உள்ளவர்கள் கறுப்பையும் வெள்ளையையும் தடித்த ஓரத்தையும் பாவிக்கலாம். கோட்டு வரைபானால் ஒரு கோட்டில் வட்டப் புள்ளியும் மற்றதில் சதுரப் புள்ளியும் வையுங்கள். எல்லாவற்றிலும் நல்லது, ஒவ்வொரு சலாகையின் மேலும் அதன் எண்ணை எழுதுவது. சலாகை மங்கினாலும் எண் பேசும்.

படம் கறுப்புக் கட்டியாக வருகிறது. ஊடே தெரியும் நிரப்பலையும், ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்கு மெல்ல மாறும் நிரப்பலையும் சில பழைய அச்சுப்பொறிகள் விளங்கிக் கொள்வதில்லை. நிழல், பளபளப்பு, முப்பரிமாணம் எதுவும் வேண்டாம். ஒரே சீரான நிரப்பல் போதும். அப்போதும் கறுப்பாக வந்தால், பிடிஎவ்வைத் திறந்து அச்சிடும் பெட்டியில் 'அட்வான்ஸ்ட்' என்பதன் உள்ளே 'பிறின்ற் அஸ் இமேஜ்' என்ற தெரிவு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். முழுப் பக்கமும் ஒரே படமாகப் போவதால் அச்சுப்பொறி தடுமாறாது.

பாதிப் பக்கத்தோடு நிற்கிறது. நினைவகம் குறைந்த பழைய லேசர் அச்சுப்பொறி பெரிய புகைப்படத்தைச் சுமக்க முடியாமல் நிற்பது இது. கைத்தொலைபேசியில் எடுத்த உடைந்த வீட்டின் படத்தை அப்படியே ஒட்டினால் இது நேரும். படத்தைச் சுருக்கி ஒட்டுங்கள். அச்சின் நுட்பத்தை 600 புள்ளியிலிருந்து 300 ஆகக் குறைத்தாலும் வேலை நடக்கும்.

கோடு கோடாக, மங்கலாக வருகிறது. அச்சுப்பொறியையே ஒரு சோதனைத் தாள் எடுக்கச் சொல்லுங்கள். அதிலும் அதே கோடு இருந்தால் உங்கள் கோப்பில் குற்றமில்லை. மையோ உருளையோ கெட்டிருக்கிறது. வேறு கடைக்குப் போவதுதான் வழி.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிச் சொல்

வரைபு நன்றாக வந்தும் அதன் கீழே உள்ள ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். காரணம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். அவற்றில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துத்தான். பாமினி என்ற உடுப்பைப் போட்டால் மட்டும் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணனியில் உடுப்புக் கழன்றுவிடும். அட்டவணையைப் பார்த்துச் சரிசெய்தவர்கள் வரைபின் உள்ளே இருக்கும் எழுத்தை மறந்துவிடுவதால், தலைப்புத் தமிழிலும் ஊர்ப் பெயர் குப்பையிலுமாகத் தாள் வரும்.

யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனக்கே உரிய குறி உண்டு. இலங்கையிலும் தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் 2008இல் வந்தது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு கணனியோடு வந்தது, விண்டோஸ் 8 முதல் நிர்மலா எழுத்துரு கணனியோடு வருகிறது. புதிதாக அடிப்பவர்கள் யூனிகோட்டிலேயே அடியுங்கள். பழைய பட்டியல் பாமினியில் இருந்தால் அதை மாற்றித் தரும் மென்பொருள் கிடைக்கிறது. மாற்றிய பின்னர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். மாற்றும்போது ஒரு கொம்போ அரவோ தவறினால் உறுதியில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் இரண்டு ஆளாகிவிடும்.

எதைக் கொண்டு போவது, எதை விட்டு வராமல் இருப்பது

கடைக்கு விரிதாளைக் கொண்டு போகாதீர்கள், பிடிஎவ்வைக் கொண்டு போங்கள். 1993இல் வெளிவந்த இந்த வகைக் கோப்பின் நோக்கமே, எந்தக் கணனியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான். எழுத்துருவும் கோப்பின் உள்ளேயே கட்டப்பட்டுப் போகும். விரிதாளைக் கொண்டு போனால் அந்தக் கடையின் பதிப்பு, அந்தக் கடையின் எழுத்துரு, அந்தக் கடையின் தாள் அளவு எல்லாம் உங்கள் வேலையில் கை வைக்கும்.

முதலில் ஒரு பிரதி மட்டும் அச்சிடுங்கள். அதைக் கொண்டு வெளிச்சத்துக்கு வந்து இந்த ஐந்தையும் பாருங்கள்: வரைபு முழுமையாக இருக்கிறதா? மொத்தம் கையால் கூட்டியதோடு பொருந்துகிறதா? ஊர்ப் பெயர், ஆட்பெயர் எல்லாம் தமிழாக வாசிக்க முடிகிறதா? நிறம் இல்லாமலே வேறுபாடு தெரிகிறதா? படத்தில் கிணறும் எல்லையும் தம் இடத்தில் நிற்கின்றனவா? ஐந்துக்கும் ஆம் என்றால் மீதிப் பிரதிகளை எடுங்கள். அந்தத் தாளையே ஒரு முறை போட்டோக் கொப்பியும் எடுத்துப் பாருங்கள். கச்சேரியில் அது கட்டாயம் போட்டோக் கொப்பி ஆகும்.

கடைக் கணனியில் உங்கள் கோப்பைப் பிரதி பண்ணியிருந்தால் அழித்துவிட்டு வாருங்கள். காணி உறுதியின் படமும் அடையாள அட்டை இலக்கமும் கொண்ட பட்டியல் ஊரார் பார்ப்பதற்குக் கிடக்கக் கூடாது. பென் ட்றைவை வீட்டுக் கணனியில் போட முன்னர் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

இத்தனை கவனம் ஒரு தாளுக்கா என்று சிலர் கேட்கலாம். எரேமியா ஆகமத்தின் 32ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் முற்றுகையில் இருந்த நேரம். நாளை அந்த நிலத்தில் கால் வைக்க முடியுமா என்று எவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் இறைவாக்கினர் ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, உறுதி எழுதுகிறார். ஒரு பிரதி முத்திரை இட்டது, ஒரு பிரதி திறந்தது. இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், நெடுங்காலம் இருக்கும்படியாக. அந்த மண்ணில் மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்ற நம்பிக்கையை அவர் ஒரு தாளில்தான் ஒப்படைத்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கவில்லை. எடை சரியாக, சாட்சி சரியாக, பிரதி இரண்டாக ஒப்படைத்தார்.

நாங்களும் அப்படியே செய்வோம். பிடிஎவ் ஒன்று சங்கத்திலும் ஒன்று வெளியூரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும். அச்சிட்ட தாள் ஒன்று உறுதியோடு சேர்ந்து, நனையாத பையில் இருக்கட்டும். அதில் அச்சிட்ட திகதியையும், கணக்கைச் சரிபார்த்தவரின் கையொப்பத்தையும் போட்டு வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னர் சங்கத்தில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரு பின்னேரம் ஒன்றாக இருத்தி, ஒருவர் திரையை வாசிக்க மற்றவர் தாளை வாசித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.